தொழில் விபத்துக்களும் வீதக் கணிப்பும்

ஐக்கிய அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டிலே தொழில் புரியுங்கால் நேர்ந்த காயங்களால் உயிரிழந்த லொறிச் சாரதிகளும் அவர்தம் இனத்தவரான விநியோக வண்டிச் சாரதிகளும் 1,115 பேராவர். அதே ஆண்டில் அந்நாட்டுக் காடுகளில் மரந்தறிக்குந் தொழிலில் மாண்டோர் தொகை அறுபதுக்குங் குறைவு. இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்து நோக்கும் ஒருவர், வண்டியோட்டுதல் மரந்தறித்தலினும் ஏறத்தாழ இருபது மடங்கு ஆபத்துடையதெனத் துணியக்கூடும். அங்ஙனந் துணிதல் தவறு. சாரதிகள் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர். மரந்தறிப்போரோ அரை இலட்சமளவினரே. ஓரிலட்சம் முழுநேரத் தொழிலாளருக்கு இத்தனை பேர் எனக் கணித்தவிடத்துச் சாரதிகளின் இறப்பு வீதம் 30.4 ஆகவும், மரந்தறிப்போரின் இறப்பு வீதம் 100.7 ஆகவும் அமைந்தன. அவ்வாண்டில் அந்நாட்டுத் தொழிலாளர் அனைவர்க்குமுரிய வீதம் 3.7 மாத்திரமே.

தொகை வேறு, வீதம் வேறு என்பதற்கு இவ்வுதாரணம் போதும். எத்தனை குடும்பங்கள் துணையிழந்தன என்பதைத் தொகை கூறும். அத்தொழிலிற் புகும் ஒருவன் எத்துணை இடருக்கு ஆளாகின்றான் என்பதை வீதம் கூறும். வீதமென்பது ஒரு பின்னமே. மேலேயுள்ள தொகுதியெண் விபத்துக்களின் எண்ணிக்கை. கீழேயுள்ள பகுதியெண் அவ்விபத்துக்கு ஆளாகக்கூடிய நிலையில் நின்ற உழைப்பின் அளவு. ஆறாம் வகுப்பு மாணவனுங் கணிக்கக்கூடிய இப்பின்னத்தைச் சரிவரக் கணிப்பதற்கு நாடுகள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக முயன்றும், இன்னும் முற்றாக வெற்றி காணவில்லை.

முதலாவது இடர்ப்பாடு, விபத்து என்பது யாது என வரையறுப்பதிலேயே தோன்றுகின்றது. விரலிற் சிறு கீறல் பட்டாலும் காயமே. கையே துண்டிக்கப்பட்டாலும் காயமே. எல்லாவற்றையும் எண்ணுதல் இயலாது, எல்லையொன்று வேண்டும். 1844ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்சாலைச் சட்டம் இதற்கு விநோதமானதொரு விடை கூறிற்று. ஆலையில் நேர்ந்த விபத்தினாற் காயமுற்றவர் மறுநாட் காலை ஒன்பது மணிக்கு முன்னர் வேலைக்குத் திரும்பமாட்டாதவராயின், ஆலையுடையார் அவ்விபத்தை எழுத்துமூலம் அறிவித்தல் வேண்டும் என்பதே அவ்விடை. காயத்தின் ஆழத்தை அளப்பதற்குச் சட்டம் கடிகாரத்தை நாடியது. அளத்தற்கு எளிது என்பது உண்மை. ஆயின், கூலியிழப்புக்கு அஞ்சி விரலிற் கட்டுடன் மறுநாட் காலையிலேயே நூற்பாலைக்கு வந்து நின்ற சிறுவன் கணக்கிற் சேரான் என்பதும் உண்மை. நோவின் அளவோடு, வறுமையின் அளவும் இவ்வாறு புள்ளிவிபரத்துட் புகுந்துகொண்டது. இன்றுவரை அது வெளியேறவில்லை.

பிற்காலத்துச் சட்டங்கள் ஒன்பது மணியை விட்டு நாட்களைக் கொண்டன. மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய இயலாமை என்னும் எல்லை பல நாடுகளிற் பரவிற்று. பிரித்தானியச் சட்டத்தை அடியொற்றி இலங்கையில் இயற்றப்பட்ட 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் மூன்று நாளையே எல்லையாக வகுத்தது. அதுவும் தொழிற்சாலைகளுக்கே உரியது. கடலுக்குச் செல்வோனும் வயலில் உழுவோனும் அதன் கண்ணிற் படார். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிபர முறையும் மூன்று நாளுக்கு மேற்பட்ட வேலையிழப்பையே கணக்கிற் கொள்கின்றது. பிரித்தானியாவிலோ 2012 ஏப்பிரல் தொடக்கம் மூன்று நாள் என்பது ஏழு நாள் என மாற்றப்பட்டது. அறிவிக்கவேண்டிய காயங்களின் தொகை அதனாற் குறைந்தது. அம்மாற்றத்தால் எந்தத் தொழிலாளியின் விரலுங் காப்பாற்றப்படவில்லை. வீதமொன்று இறங்கியதெனக் கேட்டவுடன் வரையறை மாறியதா என வினவுதல் இக்காரணத்தாலேயே முறையாகின்றது.

மரணத்திலேனும் ஐயமில்லையே என எண்ணலாம். அங்கும் வினாக்கள் உள. சாரத்தினின்று வீழ்ந்த கட்டடத் தொழிலாளி ஏழு மாதங் கழித்து வைத்தியசாலையில் இறப்பானாயின் அது தொழில் மரணமா? 1998ஆம் ஆண்டிற் கூடிய தொழிற் புள்ளிவிபர அறிஞரின் பதினாறாவது சர்வதேச மகாநாடு, விபத்து நேர்ந்து ஓராண்டுக்குள் நிகழும் மரணத்தைத் தொழில் மரணமாகக் கொள்ளலாமெனத் தீர்மானித்தது. சர்வதேசத் தொழில் தாபனத்தின் ஆதரவிற் கூடும் இம்மகாநாடு தனது முதலாவது கூட்டத்திலேயே, அதாவது 1923ஆம் ஆண்டிலேயே, கைத்தொழில் விபத்துப் புள்ளிவிபரத்தை ஆராய்ந்ததென்பது குறிப்பிடத்தக்கது. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அதே பொருள் விவாதத்துக்கு வந்தமை அதன் சிக்கலைக் காட்டும். வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் மரணம் மற்றொரு வினா. ஜேர்மனியில் 1925ஆம் ஆண்டு தொடக்கம் அத்தகைய விபத்துக்களுக்குங் காப்புறுதி உண்டு. ஐரோப்பியக் கணக்கிலோ, அமெரிக்கக் கணக்கிலோ அவை தொழில் விபத்துக்களாகச் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே ஒரு நாட்டின் எண்ணை மற்றொரு நாட்டின் எண்ணோடு ஒப்பிடுபவர் முதலில் இரண்டின் வரையறைகளையும் வாசித்தறிதல் வேண்டும்.

இனி, எண்ணுபவர் யார் என்னும் வினா எழுகின்றது. இதில் ஒரு பெண்மணியின் முயற்சி நினைவுகூரற்பாலது. கிறிஸ்ரல் ஈஸ்ற்மன் என்னும் சட்டப் பட்டதாரி, உருக்காலைகளுக்குப் பேர்பெற்ற பிற்ஸ்பேர்க் நகரை உள்ளடக்கிய அலெகெனி மாவட்டத்திலே, 1906 யூலை முதலாந் திகதி தொடக்கம் 1907 யூன் 30ஆந் திகதி வரையுமான ஓராண்டில் நிகழ்ந்த தொழில் மரணங்களனைத்தையும் ஆராய்ந்தார். ஆலை முதலாளிகளின் அறிக்கைகளை மாத்திரம் நம்பாது, மரண விசாரணை அதிகாரியின் ஏடுகளைப் புரட்டியும், இறந்தோரின் இல்லங்களுக்குச் சென்று விசாரித்தும் உண்மை தேடினார். அவ்வோராண்டில் அவ்வொரு மாவட்டத்தில் இறந்தோர் 526 பேர். அவருள் உருக்காலைத் தொழிலாளர் 195 பேர். புகையிரதப் பகுதித் தொழிலாளர் 125 பேர். சுரங்கத் தொழிலாளர் 71 பேர். ஆண்டின் நாட்காட்டியில் ஒவ்வொரு மரணத்துக்கும் ஒவ்வொரு சிலுவைக்குறி இட்டு அவர் தரப்பு வெளியிட்ட ‘மரண நாட்காட்டி’, அட்டவணைகளை வாசிக்கும் பழக்கமில்லாதவரையுங் கலங்கச் செய்தது. 1910ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல், மணமான தொழிலாளரை இழந்த குடும்பங்களுட் பாதிக்கு மேற்பட்டவை முதலாளிமாரிடமிருந்து பெற்றது 100 டொலரோ அதனினுங் குறைவோ என்பதையுங் காட்டிற்று. அமெரிக்க மாநிலங்களில் நட்டஈட்டுச் சட்டங்கள் தோன்றுவதற்கு அந்நூல் துணைபுரிந்தது. அவர் அளித்தது தொகையேயன்றி வீதமன்று. எனினும், தொகுதியெண்ணையே ஒருவருஞ் சரிவர அறியாதிருந்த காலத்தில் அதுவே முதற்கண் வேண்டப்பட்டது.

அம்முயற்சி நிகழ்ந்து முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னரும் அதே நாட்டில் ஆண்டுதோறுந் தொழிலில் மாள்வோர் எத்தனை பேர் என்பதற்கு ஒருமித்த விடை இல்லாதிருந்தது என்றால் வியப்பாகும். 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அரசாங்கத்தின் தொழிற் புள்ளிவிபரப் பணியகம் ஒரு தொகையைக் கூறிற்று. தேசியப் பாதுகாப்பு மன்றம் என்னுந் தனியார் நிறுவனம் அதனினும் ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிய தொகையைக் கூறிற்று. பணியகம் மாதிரி அளவையொன்றைக் கொண்டு, ஓரளவு பெரிய தாபனங்களிற் கூலிக்கு வேலைசெய்வோரையே கணக்கிட்டது. சொந்தத் தொழில் செய்வோர் அதில் இல்லை. மரணமோ அரிதான நிகழ்ச்சி. அரிதானதை மாதிரியெடுத்து அளத்தல், கடலில் ஒரு வாளி நீரை முகந்து சுறாமீன் தேடுதல் போலாகும். 1987ஆம் ஆண்டில் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் குழுவொன்று இக்குறைகளை எடுத்துக்காட்டிற்று. அதன் விளைவாக மாதிரி முறை கைவிடப்பட்டு, ஒவ்வொரு மரணத்தையுந் தனித்தனியே எண்ணும் முழுக் கணக்கெடுப்பு 1992ஆம் ஆண்டு தொடக்கம் நாடு முழுவதும் நடைபெறலாயிற்று. மரணச் சான்றிதழ், நட்டஈட்டு மனு, மரண விசாரணை அறிக்கை, பொலிசாரின் வீதி விபத்து அறிக்கை, பத்திரிகைச் செய்தி என்பவற்றுட் குறைந்தது இரண்டேனும் ஒத்துச் சான்று கூறினாலன்றி ஒரு மரணம் வழக்கமாகப் பட்டியலில் ஏறாது. அம்முதலாண்டிற் பதிவானோர் 6,217 பேர். 2022ஆம் ஆண்டிற் பதிவானோர் 5,486 பேர்.

தொகுதியெண் இவ்வாறு ஓரளவு செப்பமுற்றது. பகுதியெண்ணை ஒருவரும் அத்துணை பொருட்படுத்துவதில்லை. ஏமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நூறு பேர் வேலைசெய்யும் இரு ஆலைகளைக் கருதுக. இரண்டிலும் ஆண்டொன்றுக்கு நான்கு காயங்கள். முதலாவது ஆலையில் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 மணித்தியாலம் உழைக்கின்றனர். இரண்டாவதில் அரைநேர வேலையாதலால் 1,000 மணித்தியாலம். தலைகளை எண்ணினால் இரண்டும் ஒன்றே. உழைத்த நேரத்தை எண்ணினால் இரண்டாவது ஆலை இரு மடங்கு ஆபத்தானது. இவ்வுண்மையை ஜேர்மனியர் முற்படவே கண்டனர். 1884ஆம் ஆண்டில் பிஸ்மார்க்கின் ஆட்சியிலே தோன்றிய விபத்துக் காப்புறுதிச் சட்டத்தின்பாற்பட்ட கணக்குகளில், ஆண்டுக்கு 300 நாள் உழைப்பவனே ‘முழுத் தொழிலாளி’ எனக் கொள்ளப்பட்டு, ஏனையோரின் உழைப்பு அவ்வளவுக்கு மாற்றிக் கணிக்கப்பட்டது. அமெரிக்கர் 200,000 மணித்தியாலத்தை அலகாக்கினர். வாரத்துக்கு 40 மணித்தியாலமாக ஆண்டுக்கு 50 வாரம் உழைக்கும் நூறு பேரின் உழைப்பே அது. மேற்கூறிய முதலாவது ஆலையின் வீதம் அதன்படி 4. இரண்டாவதன் வீதம் 8. சர்வதேச வழக்கில் மீடிறன் வீதம் பத்து இலட்சம் மணித்தியாலத்துக்குக் கணிக்கப்படுவதால் அவ்வீதங்கள் முறையே 20, 40 என அமையும். அலகு வேறாயினும் விகிதம் மாறாது. அமெரிக்க மரணக் கணக்குத்தானும் 2008ஆம் ஆண்டு தொடக்கமே தலைக்கணக்கை விட்டு மணிக்கணக்குக்கு வந்தது.

பகுதியெண்ணாக உழைப்பை வைக்காது உற்பத்தியை வைப்பாருமுளர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கப் பரிசோதகர்கள், ஓருயிர் போவதற்கு எத்தனை தொன் நிலக்கரி எடுக்கப்பட்டது என்றும் அட்டவணையிட்டனர். சீனா இன்றும் பத்து இலட்சம் தொன்னுக்கு எத்தனை மரணம் என்றே தன் சுரங்கங்களை அளக்கின்றது. இதன் குணத்தையறிய ஒரு கற்பனைச் சுரங்கத்தை எடுத்துக்கொள்க. ஆயிரம் பேர் இறங்கி 250,000 தொன் எடுக்கின்றனர், நால்வர் மாள்கின்றனர். பத்து இலட்சம் தொன்னுக்கு மரணம் 16. பின்னர் இயந்திரங்கள் வருகின்றன. ஐந்நூறு பேர் 500,000 தொன் எடுக்கின்றனர், இருவர் மாள்கின்றனர். பத்து இலட்சம் தொன்னுக்கு மரணம் 4. வீதம் நாலிலொன்றாகியது என உரிமையாளர் மகிழலாம். ஆனால் ஆயிரம் பேருக்கு நால்வர் என்னும் வீதம் அன்றும் இன்றும் ஒன்றே. சுரங்கத்துள் இறங்குபவனின் ஆபத்து இம்மியளவுங் குறையவில்லை. சீனச் சுரங்கங்களில் 2002ஆம் ஆண்டில் 6,995 பேரும் 2018ஆம் ஆண்டில் 333 பேரும் மாண்டனர் என்பது அரச கணக்கு. உற்பத்தி பெருகிய காலத்தில் நிகழ்ந்த இவ்விறக்கம் பெரியதென்பதில் ஐயமில்லை. ஆயினும் 2018ஆம் ஆண்டுக்குரிய 0.093 என்னும் வீதம் நிலக்கரியின் விலையைக் கூறுகின்றதேயன்றித் தொழிலாளியின் இடரைக் கூறவில்லை.

காயத்தின் கடுமையை அளக்கவும் ஒரு வழி கண்டனர். இழந்த நாட்களைக் கூட்டி உழைத்த நேரத்தால் வகுத்தலே கடுமை வீதம். மீளாத இழப்புக்களுக்கு இழந்த நாள் எத்தனை? அமெரிக்கத் தராதரமொன்று மரணத்துக்கு 6,000 நாள் என விதித்தது. ஆண்டுக்கு 300 நாளாக இருபது ஆண்டு உழைப்பு. முழங்கைக்கு மேற் கையை இழந்தால் 4,500. மணிக்கட்டுடன் இழந்தால் 3,000. ஒரு கண்ணுக்கு 1,800. இவ்விலைப்பட்டியலை வாசிப்போர்க்கு அருவருப்புத் தோன்றுதல் இயல்பு. எனினும், மரணமடைந்தவன் மறுநாளே பெயர்ப்பட்டியலினின்று நீக்கப்படுவதால் அவன் இழந்த நாள் பூச்சியமெனக் கணிக்கப்படுவதிலும் இது மேலானதே.

இத்துணையும் அறிந்த பின்னர், ஒரு தனி ஆலையின் வீதத்தை எவ்வளவு நம்பலாம்? ஓரிலட்சம் பேருக்கு 3.5 என்னும் மரண வீதத்தை நூறு பேர் வேலைசெய்யும் ஆலைக்குப் பிரயோகித்தால், ஆண்டொன்றுக்கு எதிர்பார்க்கத்தக்க மரணம் 0.0035. சராசரி ஆபத்துடைய அவ்வாலையில் ஒரு மரணத்தைக் காண 286 ஆண்டு வேண்டும். சராசரியிற் பத்து மடங்கு ஆபத்துடைய ஆலையேயாயினும் ஏறத்தாழ 29 ஆண்டு கழியலாம். ஆகவே ‘எமது ஆலையில் இருபதாண்டாக உயிரிழப்பில்லை’ என்னும் பெருமை, அவ்வாலை பாதுகாப்பானதென்பதற்குச் சான்றாகாது. இக்காரணத்தாலேயே ஆலைகள் மரணத்தை விட்டுச் சிறு காயங்களை எண்ணி, அவற்றின் வீதத்தைப் பாதுகாப்பின் அளவுகோலாகக் கொண்டன. காப்புறுதி நிறுவனமொன்றிற் பணியாற்றிய ஹெயின்றிச் என்பவர் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், ஒரு பெருங்காயத்துக்கு 29 சிறுகாயங்களும், காயமேற்படாத 300 விபத்துக்களும் உளவெனக் கூறி, இவ்வழக்கத்துக்கு உரமூட்டியது. சிறியன குறைந்தாற் பெரியனவுங் குறையும் என்பதே அதினின்று பலர் கொண்ட முடிபு.

அம்முடிபின் வலுவின்மையை டெக்சாஸ் மாநிலத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையொன்று காட்டிற்று. டெக்சாஸ் சிற்றி என்னும் ஊரிலுள்ள அவ்வாலையிற் காயவீதம் சில ஆண்டுகளாகக் குறைந்துவந்தது. நிருவாகத்தினர் அதனைப் பாதுகாப்பின் வளர்ச்சியாகக் கொண்டனர். 2005 மார்ச்சு 23ஆந் திகதி அளவுக்கு மீறி நிரம்பிய கோபுரத்தினின்று வெளியேறிய எரிபொருளாவி தீப்பற்றி வெடித்தது. 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர். வழுக்கி விழுதலையும் கைவிரல் நசுங்குதலையும் எண்ணிய அட்டவணை, கோபுரத்தின் திரவமட்டங் காட்டுங் கருவி பழுதுற்றிருப்பதைக் கூறவில்லை, கூறவும் இயலாது. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த விசாரணை அறிக்கைகள், தனியாட் காயவீதத்தை நம்பியமை நிருவாகத்தினரைத் தவறான வழியிற் செலுத்தியதென இடித்துரைத்தன. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மாண்ட பதினைவரும் ஒப்பந்தகாரரின் தொழிலாளர். நாளாந்தம் மேற்பார்வை செய்யும் முதலாளியின் ஏட்டிலேயே காயங்கள் பதிவாகும் என்பது அமெரிக்க விதி. எனவே மரணம் ஒரு தாபனத்தின் மதிலுக்குள் நிகழ, கணக்கு மற்றொரு தாபனத்தின் ஏட்டிற் சேரலாம். ஆபத்தான வேலையை ஒப்பந்தத்துக்கு விடும் ஆலையின் வீதம் தானே அழகுபெறும்.

மறைக்கப்படும் காயங்கள் பற்றி விரிவாகக் கூறுதல் அவசியம். மரணத்தை மறைத்தல் அரிது. காயத்தை மறைத்தல் எளிது. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டில் தனியார் துறையில் நூறு முழுநேரத் தொழிலாளருக்குப் பதிவான காயமும் நோயும் 3.6. அவ்வீதம் 2019இல் 2.8 ஆகவும் 2023இல் 2.4 ஆகவும் இறங்கிற்று. மரண வீதமோ அம்மூன்று ஆண்டுகளிலும் ஓரிலட்சத்துக்கு 3.5 என ஒரே நிலையில் நின்றது. காயம் மூன்றிலொரு பங்கு குறைய, மரணம் ஏன் குறையவில்லை? வீதி விபத்தும் வன்செயலும் மரணங்களிற் பெரும் பங்கு வகிப்பதால் இரண்டும் ஒரே அளவில் இறங்கவேண்டுமென்பதில்லை என விடையிறுக்கலாம். அவ்விடையில் உண்மையுண்டு, முழு உண்மை இல்லை.

ஒல்லாந்துப் பொருளியலறிஞரான ஜான் பூன், ஜான் வான் ஊர்ஸ் என்னும் இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதிற் புத்தொளி பாய்ச்சிற்று. பல நாடுகளின் கணக்குகளை ஒப்பிட்ட அவர்கள், வேலையின்மை பெருகுங் காலத்திற் காயவீதம் இறங்குவதையும், மரண வீதம் அங்ஙனம் இறங்காமையையுங் கண்டனர். வேலை குறைந்தமையால் ஆபத்து உண்மையிற் குறைந்ததாயின் மரணமுங் குறைந்திருத்தல் வேண்டும். ஆகவே குறைந்தது காயமன்று, காயத்தை அறிவிக்குந் துணிவே என்பது அவர்தம் முடிபு. வேலையை இழக்க அஞ்சுபவன் வீக்கங் கண்ட கையை மறைத்துக்கொண்டு நிற்பான். 1844ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பது மணியை ஈண்டு நினைவுகூர்க.

ஐரோப்பாவின் கணக்குகளும் இதனையே உணர்த்துகின்றன. ருமேனியா, பல்கேரியா ஆகிய நாடுகளில் ஓரிலட்சம் தொழிலாளருக்குப் பதிவாகும் காயங்கள் நூறளவினவே. ஜேர்மனியில் அவை ஆயிரத்துக்கு மிக மேற்பட்டவை. காயத்தை மாத்திரம் நோக்கினால் ருமேனியத் தொழிலாளியே பேறுபெற்றவன். மரண வீதத்தை நோக்கினாலோ ருமேனியாவின் வீதம் ஜேர்மனியினதைப் பன்மடங்கு விஞ்சி நிற்கின்றது. ஜேர்மனியிற் காயத்தை அறிவிப்பவனுக்குக் காப்புறுதிப் பணம் உண்டு. அறிவித்தலால் நன்மை விளையாத நாட்டில் அறிவிப்போர் குறைவர். ஐரோப்பியப் புள்ளிவிபர அலுவலகமும் இவ்விரு வகை நாடுகளின் காயவீதங்களை ஒப்பிடுங்கால் அவதானம் வேண்டுமென்கின்றது.

மறைந்திருப்பவற்றின் அளவை மதிப்பிட ஒரு வழியுண்டா? உண்டு. குளத்திலுள்ள மீன்களை எண்ண விரும்புவோன் குளத்தை இறைக்கவேண்டியதில்லை. 200 மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு மீளவும் நீரில் விடுகின்றான். சில நாட் கழித்து 150 மீன்களைப் பிடிக்கின்றான். அவற்றுள் 60இல் அடையாளம் உண்டு. பிடிபட்டவற்றில் ஐந்தில் இரு பங்கு அடையாளமுடையனவாதலின், அடையாளமிட்ட 200உம் குளத்து மீன்களில் ஐந்தில் இரு பங்காகும். ஆகவே குளத்தில் 500 மீன்கள் உள. காயங்களுக்கும் இம்முறை பொருந்தும். முதலாளிமாரின் அறிக்கையில் 200 பெயர், நட்டஈட்டு மனுக்களில் 150 பெயர், இரண்டிலும் 60 பெயர் எனின், இரு பட்டியல்களையுஞ் சேர்த்துக் கண்ணிற் பட்டோர் 290 பேர். உண்மைத் தொகை 500 அளவினது. எப்பட்டியலிலும் ஏறாதோர் 210 பேர். இரு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதிருத்தல் இதற்கு இன்றியமையாதது. முதலாளி ஊக்கினாலன்றி மனுச் செய்வாரில்லையெனின், இரண்டிலும் பொதுவான பெயர்கள் மிகுந்து, கணித்த தொகை உண்மையினுங் குறைவாகவே வரும். மிச்சிக்கன் மாநிலத்து ஆய்வாளர் இம்முறையைக் கையாண்டு 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அம்மாநிலத்துத் தொழிற் காயங்களிலும் நோய்களிலும் மூன்றில் இரு பங்கு வரை தேசியக் கணக்கில் ஏறாதிருந்தன.

மறைவுக்குத் தொழிலாளியின் அச்சம் மாத்திரங் காரணமன்று. காயமில்லாத மாதத்துக்குப் பரிசளிக்கும் ஆலைகள் உள. தோழர் அனைவரும் பெறவிருக்கும் பரிசைத் தன் காயத்தாற் கெடுக்க யார் விரும்புவர்? 2009ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கப் பொறுப்புக்கூறல் அலுவலகம் தொழிற் சுகாதார வைத்தியப் பணியாளரை விசாரித்தபொழுது, மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர், காயத்தைச் சிறிதாகக் காட்டும்பொருட்டுப் போதிய சிகிச்சை அளியாதிருக்குமாறு தாம் நெருக்கப்பட்டதாகக் கூறினர். தையலிட்டாற் பதிவுசெய்யவேண்டும், வெறுங் கட்டுப் போட்டாற் பதிவுசெய்ய வேண்டியதில்லை. விதி இவ்வாறிருக்க, ஊசியும் நூலும் புள்ளிவிபரக் கருவிகளாகிவிட்டன.

இதுகாறுங் கூறியன திடீரென நேருங் காயத்தையும் மரணத்தையும் பற்றியனவே. சர்வதேசத் தொழில் தாபனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் உலகெங்கணுந் தொழிலினால் மாண்டோர் ஏறத்தாழ 29 இலட்சம் பேர். அவருள் விபத்தினால் மாண்டோர் மூன்று இலட்சத்து முப்பதினாயிரம் பேரே. ஏனைய இருபத்தாறு இலட்சம் பேரைக் கொன்றது தொழில்வழி வந்த நோய். கல்நார்த் தூசியைச் சுவாசித்தவனுக்கு நுரையீரற் சவ்விற் புற்றுநோய் தோன்ற இருபது முதல் ஐம்பது ஆண்டு செல்லும். அதற்குள் அவன் இளைப்பாறியிருப்பான். ஆலை கைமாறியிருக்கும், அல்லது மூடப்பட்டிருக்கும். அவன் தூசியைச் சுவாசித்த ஆண்டுகளில் உழைத்த மணித்தியாலங்களெல்லாம் அவ்வாலையின் பகுதியெண்ணில் ஒழுங்காகச் சேர்ந்திருந்தன. அவன் மரணமோ வைத்தியசாலையின் ஏட்டிற் பதிவாகின்றது. தொழில் என்னும் நிரலில் ‘இளைப்பாறியவர்’ என எழுதப்படுகின்றது.